பாப் டெய்ஸ்லி, லீ கெர்ஸ்லேக் பெயர்களையும் சேருங்கள்

கிளீவ்லேண்ட் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் தன் கடைசிக் கச்சேரியை நடத்தினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத நிலை. பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். தன் பழைய இசைக்குழுவான பிளாக் சபாத்தின் நண்பர்கள் மேடையேறுவதற்கு முன்னால், தன் தனிப் பயணத்திலிருந்து ஐந்து பாடல்களை எடுத்துக்கொண்டார். ஐந்தில் நான்கு, 1980இல் வெளிவந்த 'பிளிசார்ட் ஆஃப் ஆஸ்' என்ற ஒரே தொகுப்பிலிருந்து. பதினேழாவது நாள் அவர் இறந்துபோனார்.

அப்புறம் உலகம் முழுக்க அஞ்சலிகள். முடிந்த மட்டும் எல்லாவற்றையும் படித்தேன். அந்தத் தொகுப்பில் கிட்டார் வாசித்த ராண்டி ரோட்ஸின் பெயர் எங்கும் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நான்கு பாடல்களிலும் பேஸ் கிட்டார் வாசித்து, வரிகளையும் எழுதிய பாப் டெய்ஸ்லியையும், டிரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக்கையும் தேடித் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. டெய்ஸ்லிக்கும் கெர்ஸ்லேக்குக்கும் உங்கள் இசைச் சிறப்பு விருதைக் கொடுங்கள். 2021இல் ராண்டிக்குக் கொடுத்தீர்களே, அதே விருது.

கதை உங்களுக்குத் தெரியும். 1979இல் பிளாக் சபாத் ஆஸியை வெளியே அனுப்பியது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஹோட்டல் அறையில் அடைந்துகொண்டு குடித்தே காலம் தள்ளினார். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் தொழிலாளர் வீதியில் வளர்ந்து, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து, திருட்டு வழக்கில் சிறைக்கும் போய்வந்த மனிதர் அவர். பாட்டும் கைவிட்டால் போக அவருக்கு வேறு இடமில்லை. அந்தப் பள்ளத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டது பின்னாளில் அவர் மனைவியான ஷாரனின் உறுதியும் ஒரு புதிய குழுவும். அந்தக் குழுவில் ராண்டி மட்டும் இல்லை. ரெயின்போ இசைக்குழுவிலிருந்து வந்த டெய்ஸ்லியும் யூரையா ஹீப் இசைக்குழுவிலிருந்து வந்த கெர்ஸ்லேக்கும் இருந்தார்கள். நால்வரும் இங்கிலாந்தின் ரிட்ஜ் ஃபார்ம் ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு தொகுப்புகளை உருவாக்கினார்கள்.

இரண்டாவது தொகுப்பு 'டைரி ஆஃப் எ மேட்மேன்'. 1981 நவம்பரில் அது கடைக்கு வரும் முன்பே டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீக்கப்பட்டுவிட்டார்கள். உறையில் அச்சானவை அவர்களுக்குப் பதிலாக வந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் ஆகியோரின் பெயர்களும் படங்களும். நல்ல கலைஞர்கள்தான், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தத் தட்டில் கேட்கிற பேஸும் டிரம்ஸும் அவர்கள் வாசித்தவை அல்ல. அந்தத் தொகுப்பின் முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள். கிட்டாருக்கு முன்னால் டிரம்ஸ் உருண்டு வரும். கெர்ஸ்லேக்கின் கைகள் அவை. அதைக் கேட்டுக்கொண்டே உறையைத் திருப்பிப் பார்த்தால் வேறொருவர் பெயர். எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயரை நம்பி மனப்பாடம் செய்திருப்பார்கள்!

பெயரைத்தான் மாற்றினார்கள், வாசிப்பாவது மிஞ்சியதே என்று அன்றைக்குத் தேறியிருக்கலாம். 2002இல் அதுவும் போயிற்று. இரண்டு தொகுப்புகளையும் மறுபடி வெளியிட்டபோது டெய்ஸ்லியின் பேஸையும் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். வாசித்தவர்கள் இருவரும் தேர்ந்தவர்கள். ஆனாலும் ராண்டியின் கிட்டாருக்கு மறுமொழி சொல்கிற மாதிரி டெய்ஸ்லி வாசித்த பேஸ், ராண்டியோடு ஒரே அறையில் இருந்து பிறந்தது. இருபது வருடம் கழித்து, ராண்டி விமான விபத்தில் இறந்து அவ்வளவு காலமான பிறகு, அந்தப் பேச்சை வேறொருவர் எப்படித் தொடர முடியும்? ரசிகர்கள் கொதித்தார்கள். 2011இல்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. யார் எடுத்த முடிவு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பணம், பங்குத்தொகை பற்றி டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் போட்ட வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, இருவரும் தோற்றார்கள். அதையும் கிளறவில்லை. யார் வாசித்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதைத்தான் நீங்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

கெர்ஸ்லேக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2018இன் கடைசியில் அவர் ஒரு பேட்டி கொடுத்தார். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது, டாக்டர்கள் எட்டு மாதம் கெடு சொல்லியிருக்கிறார்கள் என்றார். வழக்கில் தோற்றதில் திவாலாகி வீட்டை விற்க வேண்டியதாயிற்று என்றும் சொன்னார். அப்படிப்பட்டவர் அந்தப் பேட்டியில் கேட்டது என்ன? பணம் கேட்கவில்லை, மன்னிப்பு கேட்கவில்லை. அந்த இரண்டு தொகுப்புகளுக்கான பிளாட்டினம் தட்டுகள் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு வேண்டும் என்றார். தான் வாசித்த இசை லட்சக்கணக்கில் விற்றதற்கு அடையாளமாக ஒரு சட்டம் போட்ட தட்டு. அதைக்கூட ஒரு கலைஞர் சாவதற்கு முன் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆஸி அனுப்பி வைத்தார். கூடவே ஒரு கடிதமும். அதற்காக ஆஸியை இன்னொரு முறை நேசிக்கிறேன். தட்டுகள் கையில் கிடைத்தபோது கெர்ஸ்லேக் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள், முப்பத்தெட்டு வருடம் ஏன் ஆயிற்று என்று கேட்காமல் இருக்க முடியாது. 2020 செப்டம்பர் 19 அன்று கெர்ஸ்லேக் இறந்தார். அவர் வாசித்த அந்த இரண்டு தொகுப்புகளையும் பெயர் சொல்லி ஆஸி அஞ்சலி எழுதினார். ஆஸியே ஒப்புக்கொண்ட பிறகு உங்களுக்கு என்ன தயக்கம்?

2024 அக்டோபர் 19 அன்று ஆஸியைத் தனிக் கலைஞராக உங்கள் சாதனையாளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டீர்கள். தாமதம் என்றாலும் மகிழ்ந்தோம். அந்த மேடையிலும் 'கிரேஸி ட்ரெயின்' ஒலித்தது. அதன் வரிகள் டெய்ஸ்லி எழுதியவை. 'சூசைட் சொல்யூஷன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸியின் குடியைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது என்று டெய்ஸ்லி பலமுறை சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் ஒரு இளைஞனின் தற்கொலைக்கு அந்தப் பாட்டே காரணம் என்று பெற்றோர் வழக்குப் போட்டபோது, நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கண்முன்னே குடியால் அழிந்துகொண்டிருக்கும் நண்பனைப் பற்றி எழுதி, அந்த நண்பனையே பாட வைத்த துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அதே பாட்டை எழுபத்தாறு வயதில், கடைசி மேடையிலும் ஆஸி பாடினார்.

டெய்ஸ்லியின் பங்கு அந்த இரண்டு தொகுப்புகளோடு நிற்கவும் இல்லை. ஆஸி அவரை மறுபடி மறுபடி கூப்பிட்டார். 1991இல் 'நோ மோர் டியர்ஸ்' வரைக்கும் அவர் கை இருக்கிறது. 1983இன் 'பார்க் அட் த மூன்' தொகுப்பில் எல்லாப் பாடலும் ஆஸி எழுதியதாகவே அச்சாகியிருக்கிறது. டெய்ஸ்லியும், கிட்டார் வாசித்த ஜேக் இ. லீயும் தங்கள் பங்கு என்ன என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள்.

விதி இடம் கொடுக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வரலாறே எனக்குச் சாட்சி. எல்விஸை 1986இல் சேர்த்தீர்கள். அவருடைய கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூரை 2000இல், பேஸ் வாசித்த பில் பிளாக்கையும் டிரம்ஸ் வாசித்த டி. ஜே. ஃபோன்டானாவையும் 2009இல். பில் பிளாக் 1965லேயே இறந்தவர். பாடகர் பட்டி ஹாலியை மட்டும் சேர்த்துவிட்டு அவருடைய கிரிக்கெட்ஸ் இசைக்குழுவை விட்டது தவறு என்று 2012இல் தனித் தேர்வுக் குழு அமைத்து, இப்படி விடுபட்ட ஆறு இசைக்குழுக்களை ஒரே வருடத்தில் சேர்த்தீர்கள். பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனைச் சேர்த்துப் பதினைந்து வருடம் கழித்து அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்ட் இசைக்குழுவுக்கு இதே இசைச் சிறப்பு விருது. இதற்கு வாக்கெடுப்புகூடத் தேவையில்லை, குழு முடிவு செய்தால் போதும்.

இதைச் சொல்லும்போது இன்னொரு கோபமும் வருகிறது. இன்று போனில் ஒரு பாட்டைப் போட்டால் பாடகரின் பெயரும் முகமும் மட்டும் வருகின்றன. உறைக்குள் மடித்து வைத்த தாள், அதில் பொடி எழுத்தில் யார் பேஸ், யார் டிரம்ஸ், எந்தக் கூடம் என்று இருந்ததெல்லாம் போய்விட்டது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டின் பின்னால் நாலு பேர் உழைத்தார்கள் என்பதே தெரிய வழியில்லை. நிறுவனங்கள் அதைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை, அவர்களுக்கு ஒரு முகம் இருந்தால் விற்றுவிடலாம். அருங்காட்சியகம் நடத்துகிற நீங்களும் ஒரு முகத்தோடு நிறுத்திக்கொண்டால் மற்றவர்களின் பெயர் எங்கே தங்கும்?

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். ஆஸியின் புகழில் ஒரு துளி குறையும் என்று பயந்து யாரும் தயங்க வேண்டியதில்லை. அந்தக் குரல் அவருடையது; அதை யாரும் பங்கு போட முடியாது. டெய்ஸ்லிக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கெர்ஸ்லேக் விஷயத்தில் நேர்ந்த தாமதம் அவருக்கும் நேரக் கூடாது. உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு பெயர்களையும் இசைச் சிறப்பு விருதுக்கு எடுத்துப் பேசுங்கள். டெய்ஸ்லியை அழைத்து நேரில் கொடுங்கள், கெர்ஸ்லேக்குக்கு உரியதை அவர் குடும்பத்தாரிடம் கொடுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த இரண்டு தொகுப்புகளையும் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்