பல் முகாமுக்கு வரும்போது வார்னிஷையும் கொண்டு வாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் பல் முகாம் நடத்தும் சங்கத்தாருக்கும் அறக்கட்டளைக்காரர்களுக்கும் வணக்கம்.

கைக்காசு போட்டு டாக்டர்களை அழைத்து வருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் முகாமில் நடப்பது என்ன? டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டில் சொத்தை என்று எழுதி, ஒரு பிரஷும் பேஸ்ட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா ஒருநாள் கூலியை விடவேண்டும், பிள்ளை டிரில்லைப் பார்த்து அலறும், வீட்டில் அப்பத்தா "பால் பல்தானே, தானா விழுந்துரும்" என்பார். கடைசியில் கன்னம் வீங்கிப் பிடுங்கத்தான் போகிறார்கள்.

டிரில், ஊசி, கரண்ட் எதுவும் இல்லாமல் பள்ளிக்கூட பெஞ்சிலேயே செய்யக்கூடிய வைத்தியம் இருக்கிறது. பல்லில் வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும்போது இன்னும் குழி விழவில்லை. அமிலம் கரைத்த கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சிலிலிருந்து திரும்பப் படியலாம், ஃப்ளோரைடு அதற்குக் கைகொடுக்கும். பல்லின் மேல் பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷைத் தடவ ஓரிரு நிமிடம் போதும். குழி விழுந்துவிட்டதா, 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடை ஒரு சொட்டு தொட்டு வைக்கலாம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு மெத்தென்று போன பல்லை இறுக்கும், பெரும்பாலும் சொத்தை மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒன்றை மறைக்கவே கூடாது. மருந்து பட்ட சொத்தை கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு போகாது. முன்பல் கறுத்தால் எந்த வீட்டிலும் கோபம் வரும், அது நியாயம்தான். முன்கூட்டியே பெற்றோரைக் கூப்பிட்டுப் படம் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். குழியை இது அடைக்காது. ராத்திரி தூங்கவிடாத வலி, வீக்கம் என்றால் ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் அந்த ஆறு வயதுக் கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் புதிதாக முளைப்பதால் அதையும் பால் பல் என்றே விட்டுவிடுகிறார்கள். ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல் அது! அதன் பள்ளங்களை சீலன்ட் என்ற பூச்சு வைத்து அடைக்க, ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். இந்த மருந்துகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவவேண்டும். பேனர், பொன்னாடைச் செலவைக் குறைத்து, இரண்டே பள்ளியை எடுத்தாலும் சரி, அதே பிள்ளைகளிடம் மறுபடி வாருங்கள்.