லைப்ரரில அந்த காமிக்ஸ எடுத்து குடுத்த அக்காவுக்கு

அக்கா, உங்க பேர் கூட தெரியல, இது உங்க கண்ணுல படணும்னு தான் எழுதுறேன். அம்மா போனதுல இருந்து அண்ணன் ஒரே குடி, யார்கிட்டயும் பேச்சே இல்ல. நான் குடிநோய் பத்தி புக் தேடிட்டு நின்னப்போ நீங்க எதுவும் கேக்காம 'மவுஸ்'ங்கிற காமிக்ஸ எடுத்துட்டு வந்து, அத வரைஞ்ச ஸ்பீகல்மேன் தன் அம்மா சாவ பத்தி வரைஞ்ச நாலு பக்கத்துல ஒரு பேப்பர் வச்சு குடுத்தீங்க. 1992ல புலிட்சர்ங்கிற அமெரிக்க விருது வாங்குன புக்குன்னு அப்புறம் தான் தெரியும், ஆனா அந்த இருட்டு கட்டங்கள்ல கோடு போட்ட கைதி சட்டையோட நிக்கிற மகன பாத்துட்டு அண்ணன் வாய்விட்டு அழுதான், இதே தான்டா எனக்கும்னான். பேப்பர்ல நீங்க எழுதியிருந்தது இன்னும் பெரிய உதவி, குடிய திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர்கிட்ட காமிச்சு நிறுத்துங்கன்னு. அப்படியே தான் செஞ்சோம். இப்ப அவனே ஒரு நோட்டுல கட்டம் போட்டு அம்மாவ வரையுறான். ரொம்ப நன்றிக்கா.