ஜெராக்ஸ் மேசையில் தங்கிவிடும் ஆதார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கிகள், செயலிகள், 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று விவரமாக இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் இந்த விவகாரம் வங்கிக்குப் போவதற்கு முன்பே, ஜெராக்ஸ் கடை மேசையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

போன மாதம் கடைக் கம்ப்யூட்டர் திணறியது. இடம் எங்கே போயிற்று என்று டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் ஆதார், பான், சாதிச் சான்று, பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் ‘ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணா’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அதில் ஒன்றைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கொட்டித் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்த வாரம் எடுத்த ஸ்கேன். நனைந்து ஓரம் பிரிந்திருந்த ரேஷன் கார்டை ஃபேனுக்கு அடியில் வைத்து, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் செய்தித்தாள் கொடுத்துக் காயவைத்து எடுத்தது. அந்த அம்மா தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கார்டும் ஆதாரும் என்னிடமே இருந்திருக்கின்றன. அவருக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன்.

இ-ஆதார் ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம், அவ்வளவுதான் அந்தப் பூட்டு. இந்த இரண்டும் தெரியாத ஜெராக்ஸ் கடையோ இ-சேவை மையமோ கிடையாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. ஒப்புதல் வாங்குவது, திருத்தித் தருவது, அழிப்பது போன்ற முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். 2027 மே மாதம் வரை பொறுக்க வேண்டும்.

இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கும், தாளில் வாங்கிப் பிறகு டிஜிட்டல் ஆக்கப்பட்ட தரவுக்கும்தான் பொருந்தும். கண்ணாடியில் கவிழ்த்து எடுத்து ஃபைலில் குத்திவைக்கிற வெறும் ஜெராக்ஸ் தாள் இதற்குள் வராது. அதையே மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் வந்துவிடும். சிலிண்டர் இணைப்புக்கும் சிம் கார்டுக்கும் வாடகை வீட்டுக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்த எத்தனை தாள்கள் எங்கெங்கே கிடக்கின்றனவோ, அவற்றை யார் கேட்பது? ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற நகலைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அப்படி மறைத்த நகல் எடுக்கும் வசதி இன்றும் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுத்தால், ‘முழு நம்பர் தெரியலையே, இது செல்லாது’ என்று கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்தவர் இன்னும் ஐந்து ரூபாய் கொடுத்து முழு நகலை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்.

கையைவிட்டுப் போன கைப்பேசி எண் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பக்கத்துப் புதுச்சேரியிலேயே பார்த்தோம். 2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில், ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி வாக்காளர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எண்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு அக்கா, ஐஸ் பெட்டி வாங்க ஒரு செயலியில் கடன் கேட்டார். என் கடையில்தான் விண்ணப்பம் போட்டோம். தொடர்புகள், இருப்பிடம், குறுஞ்செய்தி என்று வரிசையாக அனுமதி கேட்டது, எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் ‘சரி குடு தம்பி’ என்றார். படித்துச் சொல்லாமல் நானே அழுத்தினேன், அது என் தப்பு. இரண்டு நிமிடத்தில் ‘தகுதி இல்லை’ என்று வந்தது. அதற்குள் மனிதர் யாரும் பார்த்திருக்க முடியாது. “எதுக்கு வேணாம்னு சொல்லுது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஒருவரின் கடன் தகுதியைக் கணிக்கும் மென்பொருளை அதிக ஆபத்து வகையில் வைக்கிறது. பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கலாம் என்றும் சொல்கிறது. நம் நாட்டில் 2025 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள்தான் வந்தன. அந்த அக்காவின் கேள்விக்கு நெறிமுறையைக் காட்ட முடியாது. அவருடைய தொடர்புப் பட்டியல் மட்டும் அந்தச் செயலிக்காரர்களிடம் போய்விட்டது.

இன்னொன்று எனக்கு மனம் ஆறவே இல்லை. தரவு கசிந்தால் விதிக்கப்படும் அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. பணத்தை இழந்தவருக்கு அதிலிருந்து பைசா வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழிவிட்ட 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. நட்டம் ஒருவருக்கு, அபராதப் பணம் இன்னொருவருக்கு என்றால் யார் புகார் கொடுக்க முன்வருவார்கள்? இதை நாடாளுமன்றத்தில் மறுபடி எடுத்துத் திருத்த வேண்டும்.

ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழும் அதில் உண்டு. அந்தத் தமிழ், மீன் விற்கும் அக்காவுக்கு நான் ஒருமுறை வாசித்துக் காட்டினால் புரிகிற தமிழாக இருக்க வேண்டும். அதற்கு 2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால், மறைத்த ஆதார் நகல் போதும் என்று எல்லா அலுவலகக் கவுண்டருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

என் கடையில் இப்போது பிரிண்ட் எடுத்ததும், வந்தவரை ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்லி அவர் முன்னாலேயே ஃபைலை அழிக்கிறேன். செயலிகளிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு மறுக்கலாம் என்று ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், உங்கள் இதழ் வெளியிட்டால் அதை நகலெடுத்துக் கடைக்கு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.