கண்மாயைக் குழியாக்கிவிடாதீர்கள்

பாசனக் கண்மாய்களைத் தூர்வார மதிப்பீடு போடும் பொறியாளர்களுக்கும், அந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

தூர்வாரவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பல மேடேறிக் கிடக்கின்றன. 2017இல், ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய பெயரில் புதுத் திட்டம் வந்தபோதும், 2024இல் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று ஆனபோதும் சந்தோஷப்பட்ட விவசாயிகளில் நானும் ஒருவன். கண்மாய் வண்டலான கரம்பையை அடித்த வயலில் அடுத்த வெள்ளாமை எப்படி வரும் என்பது எங்களுக்குத் தெரியாததா? நான் கேட்பதெல்லாம், எங்கே தோண்டுகிறீர்கள், எவ்வளவு தோண்டுகிறீர்கள், யாரைக் கேட்டுக்கொண்டு தோண்டுகிறீர்கள் என்பதுதான்.

மதிப்பீட்டில் கண்மாய் என்பது கன மீட்டர் கணக்கு. இவ்வளவு மண்ணை எடுத்தால் இவ்வளவு தண்ணீர் நிற்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் கண்மாயின் தரை ஒருநாளும் ஒரே மட்டமாக இருந்ததில்லை. கரையை ஒட்டி ஆழம். அங்கிருந்து, தண்ணீர் வந்து நுழையும் உள்வாய்ப் பக்கம் போகப் போக இடுப்பளவு, முழங்கால், கணுக்கால் என்று குறைந்து, கடைசியில் வெறும் ஈரமண். அந்தச் சரிவில்தான் கண்மாயின் குடித்தனமே நடக்கிறது. ஈரமண்ணில் உள்ளான் ஓடித் திரியும். கொஞ்சம் உள்ளே கொக்கும் அரிவாள்மூக்கனும் நிற்கும். இன்னும் உள்ளே நத்தைகுத்தி நாரை சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவும். ஆழத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும். அல்லி இலைமேல் நடந்து, அங்கேயே முட்டையும் வைக்கும் இலைக்கோழி. காலின் நீளமும் அலகின் வாகும் எப்படியோ, அதற்கேற்ற ஆழத்தில் அதனதன் இடம். கெண்டை முட்டையிட ஒதுங்குவதும், எருமை இறங்கிப் படுப்பதும், கோரை முளைப்பதும் ஆழமில்லாத அந்தப் பக்கம்தான்.

பக்கத்து ஊர்க் கண்மாயில் போன கோடையில் நடந்த வேலையைப் பார்த்தேன். மண்வெட்டும் இயந்திரத்துக்கு எங்கே வண்டி வந்து திரும்ப வசதியோ அங்கேயே வெட்டினார்கள். சுவர் வைத்ததுபோல் செங்குத்தாக, ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிய ஆழத்துக்குக் குழி. வயலுக்குத் தண்ணீர் விடும் மடைவாய் எங்கோ மேலே நின்றது. மடைவாய்க்குக் கீழே தேங்குகிற தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. மோட்டார் வைத்திருப்பவர்தான் இறைத்துக்கொள்ளலாம். அதுவரை மடை திறந்தால் எல்லாருக்கும் வந்த தண்ணீர், அந்த அளவுக்குக் காசு உள்ளவர் தண்ணீராக மாறிவிடுகிறது. களிமண் படுகையையும் தாண்டி வெட்டியதால் மழைக்கு நிறைந்த தண்ணீர் சீக்கிரமே உள்வாங்கியது. கிணறுகளுக்கு ஊறியிருக்கும் என்று சமாதானம் சொல்லலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்தக் குழியோரத்தில் ஒரு கொக்கு நிற்க இடமில்லை. கண்மாய்த் தரையைக் காலாலேயே தெரிந்து வைத்திருந்த ஊர், இப்போது பிள்ளைகளை இறங்க விடுவதில்லை. எங்கே சறுக்கும் என்று யாருக்குமே தெரியவில்லை.

அடுத்து மரங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. ஆனால் நாட்டுக்கருவேலத்தையும் அதோடு சேர்த்து வாரி எடுத்துவிடுகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கிற மரத்தில் நாயும் நரியும் ஏறிவராது என்பதால்தான் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. கூட்டுக்குக் கீழே விழும் எச்சம் தண்ணீரில் கரைந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் விஷயம் இது. அங்கே பறவைகளைச் சுடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுப் பகுதியின் ஆங்கிலேய ஆட்சியரிடம் போராடி உரிமை வாங்கியது 1798இல். காட்டுயிர்ச் சட்டம் எதுவும் அப்போது கிடையாது.

எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. அங்குள்ள கண்மாய்களைச் சேர்த்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அறிவித்தார்கள். மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38 ஹெக்டேர்தான். ஐப்பசி, கார்த்திகையில் பறவைகள் வந்து கூடு கட்டும். தீபாவளியும் ஐப்பசியில்தான். அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீபாவளிக்கு வெடி இல்லை. கல்யாணத்துக்கும் இல்லை, கோயில் விழாவுக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. தீபாவளியன்று வனத்துறை அந்தப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பது வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வெடிச்சத்தம் இல்லாத தீபாவளியையே தீபாவளி என்று நினைத்து அங்கே தலைமுறைகள் வளர்ந்திருப்பதுதான். அவர்களை யாரும் வகுப்பு எடுத்துத் திருத்தவில்லை. கண்மாய்க்குள் மரம் இருந்தது, மரத்தில் கூடு இருந்தது, ஊரின் பழக்கம் அதற்கேற்ப மாறிக்கொண்டது. அந்த மரங்களை எப்போதோ ஒரு மதிப்பீடு வெட்டிச் சாய்த்திருந்தால் இந்த வழக்கமும் இருந்திருக்காது.

மீன்பிடித் திருவிழாவையும் சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊர்ப்பெரியவர் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலை, கிடைத்த கூடை என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரமே சேற்றுக்குள் பாயும். பிடித்த மீனை விற்பதில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் மீன்குழம்பு. செங்குத்துக் குழியில் இது நடக்காது.

கண்மாய் ஊரைச் சேர்த்தே வைத்தது என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம், யாருக்கு முதல் தண்ணீர் என்பதையெல்லாம் சாதி பார்த்துத்தான் பல ஊர்களில் வைத்திருந்தார்கள். ராத்திரி பகலாக மடையைப் பார்த்துக்கொண்ட நீர்ப்பாய்ச்சிக்குக் கிடைத்தது களத்தில் அளந்த கொஞ்சம் நெல். அதனால்தான் ‘ஊரைக் கேளுங்கள்’ என்று சொல்லும்போது நாலு பெரிய நிலக்காரரைக் கேட்பதைச் சொல்லவில்லை. கடைமடைக்காரரை, மாடு மேய்ப்பவரை, கோரை அறுக்கும் பெண்களை, பழைய நீர்ப்பாய்ச்சி குடும்பத்தை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் வண்டல் கிடக்கிறது, எங்கே களிப்படுகை மெலிசு என்று அவர்கள் கால் வைத்தே சொல்வார்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மடைவாய் மட்டத்தை அளந்து மதிப்பீட்டில் எழுதுங்கள்; அதற்குக் கீழே வெட்டுவதென்றால் ஏன் என்றும் எழுதுங்கள். உள்வாய்ச் சரிவைச் சரிவாகவே விடுங்கள். கூடு உள்ள மரங்களுக்கு வெள்ளையடித்து அடையாளம் வையுங்கள். மாசி, பங்குனியில் கூட்டில் இன்னும் குஞ்சு இருக்கலாம். பறந்துவிட்டனவா என்று ஊரில் கேட்ட பிறகு இயந்திரத்தை இறக்குங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைத்துக் கிடந்தால் முதலில் அதைத் திறங்கள். அது இல்லாமல் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் தண்ணீர் வரப்போவதில்லை. அப்புறம், மதிப்பீட்டின் நகலைத் தமிழில் எழுதி, வேலை தொடங்க ஒரு மாதம் முன்பே மடையருகில் ஒட்டுங்கள். படித்துப் பார்த்துவிட்டு நாங்களே வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவன்,
சிவகங்கை மாவட்டம்