பெரியவனுக்கு விசா வேண்டாம், அண்ணே

ஜார்ஜ் டவுன், பினாங்கு
தைப்பூசத்துக்கு மறுவாரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போய் வந்தேன். ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைத்துத் தெருவே வெள்ளையாகக் கிடந்தது. நம் வீட்டுக்காக நானும் ஒன்று உடைத்தேன்.

பெரியவனுக்கு இங்கே வேலை பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். கேட்டால் கிடைக்கும்தான். காலை ஆறு மணிக்குக் கடையில் நின்றால் படுக்கப் பத்து மணி ஆகிவிடும், ஓர் அறையில் ஐந்து பேர். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அவன் கையை நினைத்தால் மனசு கேட்கவில்லை. தரையில் பதிக்கும் நம் ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குக் கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, ஒன்றோடொன்று கலக்காமல் அச்சைத் தூக்குகிறானே, அந்தக் கையை இங்கே கொண்டுவந்து தட்டுக் கழுவ விடவா?

அண்ணே, இந்த ஊர்க் கதையைக் கேளுங்கள். நான் வேலை செய்யும் லெபு பசார் கடைத்தெருவைச் சுற்றி இருப்பதெல்லாம் பழைய கடைவீடுகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த வரை ஏழை எளியவர்கள் குறைந்த வாடகையில் இருந்திருக்கிறார்கள். 2000-ல் அந்தச் சட்டம் விலகியதும் நிறையப் பேர் காலி செய்ய வேண்டியதாயிற்று, பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்புறம் 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2012-ல் எர்னஸ்ட் ஜக்காரெவிச் என்ற லித்துவேனியா ஓவியர் ஒரு பழைய சைக்கிளைச் சுவரோடு சேர்த்துவைத்து, அதில் இரண்டு குழந்தைகள் போவதுபோல் வரைந்தார். இன்றைக்கும் அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஹின் பஸ் டிப்போ என்று ஒரு பழைய பேருந்துப் பணிமனை இருக்கிறது. இப்போது அங்கே ஓவியக் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லாம் நடக்கிறது. நகரத்தோடும் நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ், டுரியானும் ஜாதிக்காயும் விளையும் பட்டிக்காடு. அங்கேயும் சுவர்களில் பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்க வருகிறவன் ஜாதிக்காய் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு போகிறான்.

நம் ஊரில் இல்லாததா இது? ஆத்தங்குடியில் எத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! அவற்றைக் கட்டிய காசில் ஒரு பங்கு இந்த மலாயாப் பக்கம் இருந்து போனதுதான். பங்காளிகள் பத்து ஊரில் இருப்பதால் யாரும் பழுது பார்ப்பதில்லை. கடைசியில் பர்மாத் தேக்குத் தூணைப் பிடுங்கிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி அலுவலகம் போட்டதே, கம்ப்யூட்டர் வேலைக்கு கிராமம் ஆகும் என்றால் டிசைன் வேலைக்கு ஆகாதா?

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஈப்போக்காரத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். துணிக்கு டிசைன் போட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கிறாள். போனில் இருந்த நம் பூக்கல் படங்களைக் காட்டினேன். ஒரு மணி நேரம் போனைத் திருப்பித் தரவில்லை. பளபளப்பு எப்படி வருகிறது, தொட்டியில் எத்தனை நாள் ஊறவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் மூன்று புதுப் பூ வரைந்து கொண்டுவந்தாள். மூன்று மாதம் நம் ஊரில் தங்கி, நம் பட்டறையிலேயே அச்சு செய்து பார்க்க ஆசைப்படுகிறாள். வாடகை தருவதாகச் சொல்கிறாள்.

ஒன்றை மட்டும் இங்கே பார்த்து வருத்தப்பட்டேன். ஊருக்குப் பெயர் வந்ததும் வாடகை ஏறி, பழைய தொழில்காரர்கள் பலர் வெளியேறிவிட்டார்கள். கூடை முடைந்தவர் இருந்த இடத்தில் காப்பிக் கடை வந்துவிட்டது. நம் ஊரில் அப்படி ஆகக் கூடாது. அதனால் அந்தப் பெண்ணிடம் முதலிலேயே பேசிவிட்டேன்: அவள் வரைந்த பூவில் கல் விற்றால் அவளுக்கும் பெரியவனுக்கும் சரிபாதி, கல்லின் பின்பக்கம் இரண்டு பேர் பெயரும் இருக்கவேண்டும். சரி என்றாள்.

அப்பத்தா இருந்த பின்கட்டு சும்மாதானே கிடக்கிறது? ஓடு மாற்றி, ஒரு நல்ல குளியலறை கட்டி, இன்டர்நெட் இணைப்பு வாங்கிவிடுங்கள். விசாவுக்கென்று நான் சேர்த்துவைத்த பணத்தை அனுப்புகிறேன். மதினியிடமும் கேட்டுவிடுங்கள், சமையல் அவர் தலையில்தான் விழும், அதற்குத் தனியாகக் காசு வாங்கவேண்டும்.

பெரியவனை நம் கண்ணாடியை அளந்து, எட்டு அங்குலமா பத்தா என்று எழுதச் சொல்லுங்கள். பரணில் தாத்தா காலத்துப் பித்தளை அச்சுகள் கிடக்கும். அவற்றைப் புளி போட்டுத் துலக்கி, படம் எடுத்து அனுப்பட்டும். அந்தப் பெண் தினமும் கேட்கிறாள்.

தங்கள் அன்புத் தம்பி