ஒப்பீட்டு அரசியல் பாடம் நடத்தும் வடசென்னைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வியாசர்பாடிக்காரன். அரசியல் அறிவியல் படித்தவன். ஒப்பீட்டு அரசியல் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்தான், ஆனால் எதையும் எதோடும் ஒப்பிட்ட ஞாபகம் இல்லை. முதல் யூனிட் பிரிட்டன், அடுத்தது அமெரிக்கா, அப்புறம் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து. ஒவ்வொன்றுக்கும் 'சிறப்புக்கூறுகள்' பத்து. சுவிட்சர்லாந்தில் 7 பேர் கொண்ட குழுதான் அரசு என்று எழுதினேன். அதனால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காசிமேட்டுக்குப் போனால் என் அம்மா ஒரே மீனை நாலு கூடையில் விலை கேட்பார். வஞ்சிரத்துக்கு ஒரு கூடை, நெத்திலிக்கு ஒரு கூடை என்று கேட்டால் அது ஒப்பீடா? நாடுகளுக்கும் முதலில் ஒரே கேள்வி வேண்டும்.

உதாரணத்துக்கு, பெரும்பான்மை போனால் அரசு என்ன ஆகும்? 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டது. மக்களவையில் 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. அதே ஆண்டில் மறுபடி தேர்தல். ஜெர்மனியில் எதிர்க்கட்சிகள் கூடிக் கவிழ்ப்பது மட்டும் போதாது. அடுத்த சான்சலரையும், அதாவது அவர்கள் ஊர்ப் பிரதமரையும், அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1972இல் எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல் இப்படி முயன்று 2 ஓட்டுக் குறைந்து தோற்றார். 1982இல் சான்சலர் ஷ்மிட் போய் கோல் வந்தார். அந்த முறையில் ஆட்சி மாறியது அந்த ஒரு தடவைதான்.

அப்படியானால் அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் போதுமா? எனக்குச் சந்தேகம்தான். 5 விழுக்காடு ஓட்டு வாங்காத கட்சிக்கு அங்கே பொதுவாக இடமில்லை, அதனால் அவையில் கட்சிகளும் குறைவு. தவிர, 2024 டிசம்பரில் அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் தானே நம்பிக்கை வாக்குக் கேட்டுத் தோற்றார். 2025 பிப்ரவரியில் அங்கும் முன்கூட்டியே தேர்தல் வந்தது. வகுப்பில் இந்தச் சண்டை நடந்திருந்தால் நான் கடைசி பெஞ்சில் தூங்கியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. 1962இல் ராணுவத் தளபதி நெ வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். பிறகு கடைகளையெல்லாம் அரசுடைமையாக்க, இருந்ததை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள். பர்மா நூடுல்ஸான அத்தோ தின்னும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் 2008 அரசமைப்பைக் காட்டக்கூடாதா? நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கும் மேல் ஓட்டு வேண்டும். கணக்குப் போட்டால் சூட்சுமம் புரிந்துவிடும். அதன் பக்கத்தில் அரசமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் நம்முடைய 368ஆம் பிரிவை வைத்து, 'விதியை மாற்றும் சாவி யார் கையில்?' என்று கேளுங்கள்.

பாடத்திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். உள்மதிப்பீட்டுத் தேர்வு உங்கள் கையில்தானே இருக்கிறது? அடுத்த தடவை சிறப்புக்கூறுகள் கேட்கும் இடத்தில் இதில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கைடில் விடை இருக்காது.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்