அலுவலக இடத் தேர்வில் வெள்ளத்தையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் அலுவலகம் தேடும் பெரிய நிறுவனங்கள், வாடகையையும் சதுர அடியையும் பார்க்கும் அளவுக்கு, மழைநீர் வடியும் வழியைப் பார்ப்பதில்லை என்பது என்னை வருத்துகிறது. 2013 மார்ச் 30 அன்று, சில மணி நேர மழையிலேயே, நகரின் சுரங்க நடைபாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்திலும் உயிர்கள் பலியாயின; 2024 ஜனவரியில் பெலால் புயலின்போதும் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டன. அப்படியிருந்தும், என் மகள் பணிபுரியும் கட்டடத்தில் ஜெனரேட்டர் இன்றும் நிலத்தடியில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், மின் இணைப்புப் பலகைகள் எந்தத் தளத்தில் உள்ளன, திடீர் வெள்ளத்தில் ஊழியர்கள் எவ்வழியே வெளியேறுவர் என்பவற்றைக் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தலைநகருக்கு மாற்றாக, அலுவலகங்கள் நிறைந்த, மேட்டுப்பாங்கான எபேன் பகுதியையும் பார்க்கலாம்; அங்கு இப்போது மெட்ரோவும் செல்வதால், காரில்லாத ஊழியர்களுக்கும் அது எட்டும் இடமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரோஸ் ஹில்